பாரம்பரியச் சின்ன மேலாண்மையில் முதுகலை: சேர்வதற்கு முன் சில விஷயங்கள்

கேள்வி இதுதான்: வரலாற்றில் இளங்கலை முடித்தவர், கோட்டை, குகை, இடிபாடு என்று சுற்றுவதில் ஆசை உள்ளவர், பாரம்பரியச் சின்ன மேலாண்மையில் முதுகலை சேரலாமா, உள்ளே என்னதான் சொல்லித்தருவார்கள், முடித்தால் வேலை கிடைக்குமா. சேரலாம். ஆனால் உங்களுக்குப் பிடித்தது அந்த இடிபாடா, இல்லை அந்த இடிபாட்டைச் சுற்றி நடக்கும் இழுபறியா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். இடிபாடுதான் என்றால் தொல்லியலோ கட்டடப் பாதுகாப்போ படிப்பது நல்லது, அங்கே கல்லோடும் சுண்ணாம்போடும் நேரம் போகும். மேலாண்மை படித்தவருக்கு வாழ்நாளில் பெரும்பகுதி கூட்டங்களிலும் கோப்புகளிலும்தான் கழியும். எனக்கு அது பிடிக்கும். எல்லோருக்கும் பிடிக்கும் என்று சொல்ல மாட்டேன்.

ஒரு பெரிய சின்னத்தின் நிர்வாக அலுவலகத்தில் ஒரு சாதாரண வாரத்தை நினைத்துப் பாருங்கள். மதிலை ஒட்டிக் கழிவுநீர்க் குழாய் பதிக்கத் தோண்ட வேண்டும் என்று நகராட்சியிலிருந்து கடிதம் வந்திருக்கும். எதிரே விடுதி நடத்துபவர் இன்னும் இரண்டு மாடி எழுப்ப அனுமதி கேட்டிருப்பார். ஓவியங்களைப் பராமரிப்பவர் ஒரு மண்டபத்தை ஆறு மாதம் மூடியே தீர வேண்டும் என்பார், சுற்றுலாத் துறையோ அதே மண்டபத்தில்தான் ஒலி ஒளிக் காட்சி வேண்டும் என்று நிற்கும். இதில் எதையும் வரலாற்றுப் பாடம் நேரடியாகத் தீர்த்து வைக்காது. ஆனால் வரலாறு தெரியாமல் எதையும் தீர்க்கவும் முடியாது. இந்த இடைவெளியில்தான் இந்தப் படிப்பு உட்கார்ந்திருக்கிறது.

மேலாண்மை என்றால் டிக்கெட், வரிசை, கழிப்பறை என்று நினைப்பவர்களுக்கு நான் எப்போதும் காட்டும் உதாரணம் சீனாவில் துன்ஹுவாங் அருகே உள்ள மோகாவோ குகைகள். பாலைவனப் பாறையில் குடைந்த குகைகள், ஓவியங்களும் சிற்பங்களும் உள்ளவை மட்டும் 492. ஓவியங்கள் மண் பூச்சின் மேல் தீட்டப்பட்டவை, அந்தப் பூச்சிலும் பாறையிலும் உப்பு இருக்கிறது. வெளியே ஈரக் காற்று வீசும் நாட்களில் பார்வையாளர்களுக்காகக் கதவைத் திறந்து திறந்து மூடினால் ஈரம் உள்ளே போகும், உப்பு அதை இழுத்துக்கொண்டு கரையும், காய்ந்ததும் மறுபடி படிகமாகும், இப்படித் திரும்பத் திரும்ப நடந்தால் பூச்சு செதில் செதிலாக உதிர ஆரம்பிக்கும். துன்ஹுவாங் அகாடமியும் அமெரிக்காவின் கெட்டி பாதுகாப்பு நிறுவனமும் 1989 முதல் சேர்ந்து வேலை செய்து, ஒவ்வொரு குகையின் அளவு என்ன, எதெதற்குக் கூட்டத்தைத் தாங்கும் திறன் உண்டு, ஒரு குழுவில் எத்தனை பேர், எவ்வளவு நேரம் என்றெல்லாம் கணக்குப் போட்டு, ஒரு நாளைக்கு 3,000 பேர் என்ற எண்ணுக்கு வந்தார்கள். அத்தோடு நிற்கவில்லை. முன்பதிவு முறை வந்தது, 2014-ல் குகைகளிலிருந்து தள்ளி ஒரு பார்வையாளர் மையம் திறந்து, அங்கேயே படம் போட்டுக் காட்டிவிட்டுப் பிறகு குகைக்கு அழைத்துப் போகிறார்கள். உள்ளே நிற்க வேண்டிய நேரம் குறைகிறது, ஆள் எண்ணிக்கையைக் கொஞ்சம் கூட்டவும் இடம் கிடைக்கிறது. உப்பு வேதியியலில் தொடங்கிய ஒன்று கட்டட வடிவமைப்பு, பேருந்து நேரம், டிக்கெட் மென்பொருள் வரை போய் முடிகிறது பாருங்கள், இந்தச் சங்கிலி முழுவதையும் கையில் பிடித்திருப்பவர்தான் மேலாளர். வேதியியல் அவர் செய்ய வேண்டியதில்லை. வேதியியலாளர் சொல்வது புரிய வேண்டும், புரிந்ததை பஸ் கம்பெனியிடம் பேசத் தெரிய வேண்டும்.

சரி, இதை எப்படிப் பாடமாக்குகிறார்கள்?

முதல் செமஸ்டரில் சாசனங்கள், அதாவது பழைய சின்னங்களை எப்படிப் பாதுகாப்பது என்று உலக அளவில் எழுதிவைத்த நெறிமுறைகள். 1931 ஏதென்ஸ், 1964 வெனிஸ், 1972 உலகப் பாரம்பரிய உடன்படிக்கை, 1979 புர்ரா, 1994 நாரா, 2003-ல் தொட்டுணர முடியாத பண்பாட்டு மரபுக்கான உடன்படிக்கை. பலருக்கு இங்கேயே தூக்கம் வரும். தேதிப் பட்டியலாகப் படித்தால் வரத்தான் செய்யும். ஒவ்வொன்றும் முந்தையதோடு போடும் வாக்குவாதமாகப் படித்தால் விஷயமே வேறு. வெனிஸ் சாசனம் மூலப்பொருளுக்கு மரியாதை கொடு என்கிறது, அகழ்ந்தெடுத்த இடிபாட்டில் விழுந்து கிடக்கும் பழைய துண்டுகளை அதனதன் இடத்தில் பொருத்தலாம், புதிதாகக் கட்டி எழுப்பாதே என்கிறது. கல் கட்டடங்கள் நிறைந்த ஐரோப்பாவுக்கு அது பொருந்தியது. ஜப்பானின் இசே ஆலயத்தை 20 ஆண்டுக்கு ஒருமுறை பக்கத்து மனையில் புது மரத்தில் அப்படியே மறுபடி கட்டுகிறார்கள், கடைசியாக 2013-ல் கட்டினார்கள். மாலி நாட்டின் ஜென்னே பெரிய மசூதிக்கு ஊரே கூடி ஆண்டுதோறும் புதுச் சேறு பூசுகிறது. மூலப்பொருள்தான் அசல் என்றால் இவை இரண்டும் போலியா? அந்தக் கேள்விக்குப் பதிலாக வந்ததுதான் நாரா ஆவணம்: அசல்தன்மையை அந்தந்தப் பண்பாட்டின் கண்ணோட்டத்தில்தான் மதிப்பிட வேண்டும், பொருள் மட்டுமல்ல, வடிவம், பயன்பாடு, செய்முறை எல்லாம் கணக்கில் வரும் என்று அது சொன்னது. அப்புறம் போஸ்னியாவின் மோஸ்தார் பாலம் இருக்கிறது, 1993-ல் போரில் தகர்க்கப்பட்டு, 2004-ல் மீண்டும் கட்டி, 2005-ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறியது. இதை வெனிஸ் சாசனத்தை வைத்து ஆதரிப்பீர்களா, எதிர்ப்பீர்களா என்று கேட்டு ஒரு வகுப்பறையில் இரண்டு மணி நேரம் ஓட்டலாம். நல்ல ஆசிரியர் ஓட்டுவார்.

அடுத்தது, என் கணக்கில் படிப்பின் இதயமே அதுதான், மதிப்புகள் பற்றிய பாடம். ஒரு இடம் ஏன் முக்கியம், யாருக்கு முக்கியம், எந்த மதிப்பு எதோடு மோதுகிறது. ஆஸ்திரியாவின் கலை வரலாற்றாசிரியர் அலோய்ஸ் ரீகல் 1903-லேயே இதைப் பிரித்துப் பேசிவிட்டார்: பழமை தரும் மதிப்பு சிதைவை அப்படியே விடச் சொல்லும், வரலாற்று மதிப்பு சிதைவை நிறுத்தச் சொல்லும், பயன்பாட்டு மதிப்பு பழுது பார்த்துக் குடியேறச் சொல்லும். ஏட்டில் இது எளிமையாகத் தெரியும். ஆஸ்திரேலியாவில் டாஸ்மேனியாவின் போர்ட் ஆர்தருக்கு வாருங்கள். 19-ஆம் நூற்றாண்டுக் கைதிக் குடியிருப்பு, இடிபாடுகள், அதற்கான மேலாண்மை எல்லாம் ஒழுங்காக நடந்துகொண்டிருந்த இடம். 1996 ஏப்ரலில் ஒருவன் அங்கே துப்பாக்கியால் சுட்டு 35 பேரைக் கொன்றான், அதில் 20 பேர் அங்கிருந்த உணவகத்தில் இறந்தார்கள். உணவகம் கைதிக் காலக் கட்டடம் அல்ல, பார்வையாளர்களுக்காகப் பிற்காலத்தில் கட்டியது. ஒரே நாளில் அது அந்த வளாகத்தின் மிகக் கனமான கட்டடமாகிவிட்டது. சிலருக்கு அது கண்ணிலேயே படக் கூடாது, சிலருக்கு அது நிற்க வேண்டும், அங்கே வேலை பார்த்தவர்கள் தினம் அதைக் கடந்துதான் போக வேண்டும். கடைசியில் ஒரு பகுதி இடிக்கப்பட்டு, கூரையில்லாத சுவர்கள் மட்டும் ஒரு நினைவுத் தோட்டத்தின் நடுவே நிற்கின்றன. எந்தச் சாசனமும் நேராக விடை தராத கேள்வி இது. ஆனால் யார் யாரைக் கேட்க வேண்டும், எந்த வரிசையில் முடிவெடுக்க வேண்டும், முடிவை எப்படி எழுதி வைக்க வேண்டும் என்பதற்கு முறை உண்டு. புர்ரா சாசனம் சொல்வது அந்த வரிசையைத்தான்: முதலில் அந்த இடத்தின் முக்கியத்துவத்தைப் புரிந்துகொள், பிறகு கொள்கையை வகு, பிறகு கை வை, அதுவும் தேவையான அளவு மட்டும், முடிந்தவரை குறைவாக.

இந்த வரிசை எழுத்தில் வந்தால் அதற்குப் பெயர் மேலாண்மைத் திட்டம். இதைப் பற்றிக் கொஞ்சம் பிடிவாதமாகவே பேசப்போகிறேன். இந்தப் படிப்பிலிருந்து வெளியே வருகிறவர் கையில் வேறு எது இல்லாவிட்டாலும் ஒரு மேலாண்மைத் திட்டத்தை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை எழுதிய அனுபவம் இருக்க வேண்டும். உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஒரு சின்னத்தைச் சேர்க்கக் கேட்கும் நாடு அதை எப்படி நிர்வகிப்போம் என்று காட்டியாக வேண்டும், எல்லை எது, அதைச் சுற்றியுள்ள பஃபர் ஜோன், அதாவது கட்டுப்பாடுகள் உள்ள பாதுகாப்பு வளையம், எது, யார் பொறுப்பு, எதைக் கண்காணிப்பார்கள் எல்லாம் அதில் வரும். பட்டியலில் இல்லாத சின்னங்களுக்கும் ஏறக்குறைய இதே எலும்புக்கூடுதான். மோசமான திட்டத்தைக் கண்டுபிடிப்பது சுலபம்: முதல் எழுபது பக்கம் வரலாறு, அடுத்த இருபது பக்கம் படங்கள், கடைசி ஐந்து பக்கத்தில் "விழிப்புணர்வு ஏற்படுத்தப்படும்", "ஒருங்கிணைப்பு மேம்படுத்தப்படும்". யார் செய்வார், எப்போது, எந்தப் பணத்தில் என்று ஒரு வரி இருக்காது. நல்ல திட்டத்தில் வரலாறு சுருக்கமாகவும், மழைநீர் வடிகாலை எந்த மாதம் யார் சுத்தம் செய்வது என்பது விரிவாகவும் இருக்கும். வேடிக்கையாகச் சொல்லவில்லை, உலகத்தில் பழைய கட்டடங்களைக் கெடுக்கும் காரணங்களில் அடைத்துக்கொண்ட வடிகாலுக்கு மிக உயர்ந்த இடம் உண்டு.

எரிமலைச் சாம்பலில் புதைந்த இத்தாலியின் பழைய ரோமானிய நகரம் பாம்பேய் இதற்கு நல்ல சாட்சி. 2010 நவம்பரில் கிளாடியேட்டர்களோடு தொடர்புடைய ஒரு கட்டடம் சரிந்து விழுந்து உலகச் செய்தியானது. தோண்டி வெளியே எடுத்தது மட்டும் 44 ஹெக்டேர், அத்தனைக்கும் வெயிலும் மழையும், சுவர்களுக்குப் பின்னால் தோண்டாத மண்ணின் ஈர அழுத்தம் வேறு. அதன் பிறகு ஐரோப்பிய ஒன்றியமும் இத்தாலியும் சேர்ந்து 10.5 கோடி யூரோவில் பெரிய திட்டம் தொடங்கின. பணம் முக்கியம்தான், ஆனால் பாடமாக எடுத்துக்கொள்ள வேண்டியது, ஏதாவது விழுந்தபின் ஓடிப்போய் மீட்டெடுக்கும் பழக்கத்திலிருந்து, விழும் முன்பே சுற்றி வந்து சிறு சிறு பழுதைப் பார்க்கும் பழக்கத்துக்கு ஒரு நிர்வாகம் மாறுவது எவ்வளவு கடினம் என்பதை. மீட்டெடுப்புக்குத் திறப்பு விழா உண்டு, நாடா வெட்ட ஆள் வருவார். ஓட்டை அடைத்ததற்கு யாரும் வர மாட்டார்கள். அதனால் பட்ஜெட்டிலும் அதற்குக் கடைசி இடம். நிதி பற்றிய பாடம் பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் மெலிதாகத்தான் இருக்கிறது, இது என் நீண்ட நாள் குறை. ஐந்தாண்டுப் பராமரிப்புச் செலவை ஒரு எக்செல் தாளில் போட்டுக் காட்டத் தெரியாதவர் கூட்டத்தில் பேசுவதை நிதி அதிகாரி மரியாதையாகக் கேட்டுவிட்டு மறந்துவிடுவார்.

அடுத்து சட்டமும் திட்டமிடலும், நான் மாணவனாக இருந்தபோது சலிப்பாக நினைத்த, இப்போது தினம் சோறு போடும் பாடம். இங்கிலாந்தில் வட்டமாக நிற்கும் வரலாற்றுக்கு முந்தைய பெருங்கற்களான ஸ்டோன்ஹெஞ்ச் பக்கத்தில் ஏ303 என்ற நெடுஞ்சாலை போகிறது. நெரிசல், இரைச்சல், கற்களின் காட்சிக்குக் குறுக்கே லாரிகள். சாலையைச் சுரங்கத்துக்குள் இறக்கிவிடலாம் என்றார்கள், சுமார் 3 கிலோமீட்டர் சுரங்கம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் உலகப் பாரம்பரிய எல்லை அந்தக் கற்களோடு முடிவதில்லை, சுற்றியுள்ள புதைமேடுகள், பழைய பாதைகள் எல்லாம் சேர்ந்த நிலவெளி அது, சுரங்கத்தின் மேற்கு வாயும் அதற்கான பள்ளமும் அந்த எல்லைக்குள்ளேயே வந்தன. 2021-ல் உயர் நீதிமன்றம் அனுமதியை ரத்து செய்தது: தனித்தனிச் சின்னங்களுக்கு என்ன பாதிப்பு என்று அமைச்சர் சரியாகப் பார்க்கவில்லை, இன்னும் நீளமான சுரங்கம் போன்ற மாற்று வழிகளையும் பரிசீலிக்கவில்லை என்று. 2023-ல் மறுபடி அனுமதி, 2024-ல் புதிய அரசு செலவைக் காரணம் காட்டிக் கைவிட்டது. ஒரு கட்டுமானம் சின்னத்தை எப்படிப் பாதிக்கும் என்று சொல்லும் பாரம்பரியத் தாக்க மதிப்பீடு என்ற அறிக்கை எதற்கு, அதில் மாற்று வழிகள் என்ற பகுதி ஏன் ஒப்புக்கு எழுதக் கூடாது என்று புரிய இதைவிட நல்ல வழக்கு இல்லை.

ஜெர்மனியின் டிரெஸ்டன் எல்பே பள்ளத்தாக்கு இன்னொரு கோணம். 2004-ல் பட்டியலில் ஏறியது. 2005-ல் நகர மக்கள் வாக்கெடுப்பில் ஆற்றுக்குக் குறுக்கே பாலம் வேண்டும் என்றார்கள். யுனெஸ்கோ எச்சரித்தது, பாலம் வேலை தொடர்ந்தது, 2009-ல் பட்டியலிலிருந்து பெயர் நீக்கப்பட்டது. 2021-ல் லிவர்பூல் துறைமுகப் பகுதிக்கும் அதே கதி. டிரெஸ்டனில் தவறு யார் பக்கம் என்று கேட்டால் மாணவர்கள் உடனே "நகரம்" என்பார்கள். அங்கே வீட்டுக்கும் வேலைக்கும் ஆற்றைக் கடக்க வேண்டியவர் அப்படிச் சொல்வாரா என்று அடுத்த கேள்வி வர வேண்டும். ஹம்பியும் பாலங்களால்தான் 1999-ல் ஆபத்துப் பட்டியலில், அதாவது ஆபத்தில் இருக்கும் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான யுனெஸ்கோவின் தனிப் பட்டியலில், போய், 2006-ல் வெளியே வந்தது. சாலை, பாலம், அணை, உயரக் கட்டடம்: சின்னங்களுக்கு வரும் பெரிய தலைவலிகள் பாதிக்கு மேல் வேறு துறைகளின் மேசையில்தான் பிறக்கின்றன, சில நேரம் அணை ஒன்றுக்காக எகிப்தின் அபு சிம்பெல் கோயில்களை 1960-களில் துண்டு துண்டாக அறுத்து மேலே கொண்டுபோய் நிறுத்த வேண்டியிருந்தது போல மொத்த இடத்தையே நகர்த்தும் அளவுக்கு.

சின்னத்துக்குள்ளும் பக்கத்திலும் வாழும் மக்கள் பற்றிய பாடத்தைப் பெரும்பாலும் "சமூகப் பங்கேற்பு" என்ற தலைப்பில் ஒரு வாரம் நடத்தி முடித்துவிடுகிறார்கள், எனக்கு அது போதாது என்று தோன்றும். கம்போடியாவின் அங்கோர் சுமார் 400 சதுர கிலோமீட்டர், அதற்குள் நூற்றுக்கு மேல் பழைய ஊர்கள், ஒரு லட்சத்துக்கு மேல் மக்கள். வீடு பெரிதாக்கலாமா, எங்கே கிணறு வெட்டலாம், யார் கடை போடலாம், எல்லாமே அங்கே மேலாண்மைக் கேள்விகள். மாலியின் திம்புக்துவில் 2012-ல் ஆயுதக் குழுக்கள் இடித்த கல்லறை மாடங்களை 2015-க்குள் மறுபடி எழுப்பியது உள்ளூர்க் கொத்தனார்கள்தான், அவர்களின் கையில் அந்தச் செய்முறை இருந்ததால் முடிந்தது. அந்தத் தொழில் ஒரு தலைமுறை விட்டுப்போயிருந்தால் யுனெஸ்கோவின் பணத்தால் என்ன செய்திருக்க முடியும்? இன்னொரு பக்கம், கூட்டம் போட்டு கையெழுத்து வாங்கி "மக்களைக் கலந்தாலோசித்தோம்" என்று எழுதுவது உலகம் முழுக்க நடக்கும் சடங்கு. அதை அடையாளம் காணக் கற்றுத்தரும் ஆசிரியர் கிடைத்தால் விடாதீர்கள்.

சுற்றுலா பற்றிச் சுருக்கமாக. வரலாற்றுக்கு முந்தைய ஓவியங்கள் உள்ள பிரான்சின் லாஸ்கோ குகை 1940-ல் கண்டுபிடிக்கப்பட்டது, 1948-ல் மக்களுக்குத் திறந்தார்கள், கூட்டத்தின் மூச்சும் வெளிச்சமும் பாசியைக் கொண்டுவர 1963-ல் மூடினார்கள். 1983-ல் நகல் குகை. மூடிவிட்டால் கதை முடிந்தது என்று நினைக்காதீர்கள், 2001-ல் மூடிய குகைக்குள்ளேயே பூஞ்சை பரவியது. ஆகவே ஒரு நாளைக்கு இத்தனை பேர் என்ற எண்ணைப் பிடித்துக்கொண்டு தொங்காமல், எந்த அளவு மாற்றம் வரை ஏற்போம், அதை எதை வைத்து அளப்போம், அளவு தாண்டினால் அன்றைக்கே என்ன செய்வோம் என்று யோசிக்கச் சொல்லித்தரும் இடமாகப் பாருங்கள்.

பல்கலைக்கழகம் எப்படித் தேர்ந்தெடுப்பது? பெயரைப் பார்க்காதீர்கள், எந்தத் துறைக்குள் இந்தப் படிப்பு இருக்கிறது என்று பாருங்கள். கட்டடக்கலைத் துறைக்குள் இருந்தால் அளவெடுப்பு, வரைபடம், கட்டடச் சிதைவு என்று போகும், வரைபடப் பழக்கம் இல்லாத வரலாற்று மாணவர் முதல் சில மாதம் திணறுவார். தொல்லியல் துறைக்குள் இருந்தால் நிலவெளி, அகழாய்வு இடங்கள், சட்டம். வணிகப் பள்ளியிலோ சுற்றுலாத் துறையிலோ இருந்தால் சந்தை, பார்வையாளர், நிதி வலுவாகவும், பொருள் பற்றிய அறிவு மெலிதாகவும் இருக்கும். இன்னொரு வகை, பாரம்பரியம் என்ற கருத்தையே கேள்விக்கு உட்படுத்தும் ஆய்வுப் படிப்பு, யாருடைய பாரம்பரியம், யார் தீர்மானித்தது என்று. அறிவுக்கு அருமையான தீனி, ஆனால் அதை மட்டும் படித்துவிட்டுத் தள வேலைக்கு வருகிறவர்கள் எல்லாவற்றையும் விமர்சிப்பார்கள், வடிகாலைப் பற்றிக் கேட்டால் முழிப்பார்கள்.

பெயர் சொல்லாமல் விட்டால் திட்டுவீர்கள், அதனால் சில: ஜெர்மனியின் கோட்பஸ் நகரப் பல்கலைக்கழகம் 1999 முதல் உலகப் பாரம்பரியக் கல்வி என்ற இரண்டாண்டு முதுகலையை ஆங்கிலத்தில் நடத்துகிறது, பல துறைகளிலிருந்து வருகிறவர்களை எடுக்கும். பெல்ஜியத்தின் லூவென் பல்கலைக்கழகத்தில் ரெமோன் லெமேர் மையம், 1976-ல் தொடங்கியது, நினைவுச்சின்னப் பாதுகாப்பில் பழம்பெரும் இடம், கட்டடக்கலைச் சாய்வு அதிகம். நியூயார்க்கின் கொலம்பியா 1960-களிலேயே வரலாற்றுச் சின்னப் பாதுகாப்பு வகுப்பைத் தொடங்கியது, அமெரிக்காவில் அதுதான் முன்னோடி. மெல்போர்னின் டீக்கின் பல்கலைக்கழகத்திலும் பண்பாட்டு மரபுக்கென்று படிப்பு உண்டு. படித்து முடித்து ஏற்கெனவே வேலையில் இருப்பவர்கள் ரோமில் உள்ள, சின்னப் பாதுகாப்புக்கான பன்னாட்டு அமைப்பான இக்ரோம் நிறுவனத்தின் குறுகிய காலப் பயிற்சிகளைக் கவனியுங்கள், பட்டம் கிடைக்காது, ஆனால் அந்த வகுப்பில் பக்கத்து நாற்காலியில் உட்காருகிறவர்தான் பிற்பாடு உங்களுக்கு வேலை விஷயமாகப் போன் செய்வார்.

எந்த இடமானாலும் சேரும் முன் சிலவற்றைக் கேட்டு மின்னஞ்சல் போடுங்கள். உண்மையான ஒரு சின்னத்தை எடுத்துக்கொண்டு குழுவாகத் திட்டம் எழுதும் ஸ்டூடியோ வகுப்பு உண்டா? அந்தத் திட்டம் அந்தச் சின்னத்தின் நிர்வாகத்திடம் போய்ச் சேருமா, இல்லை மதிப்பெண் போட்டதும் அலமாரிக்கா? பாடம் நடத்துகிறவர்களில் யாராவது சின்னம் ஒன்றை நேரில் நிர்வகித்தவரா? போன வருட மாணவர்களின் ஆய்வேட்டுத் தலைப்புகளை அனுப்ப முடியுமா? கடைசிக் கேள்விக்கு வரும் பதில் விளம்பரப் புத்தகம் முழுவதையும்விட அதிகம் சொல்லும். தலைப்புகள் எல்லாம் பொத்தாம் பொதுவாக இருந்தால் களத்துக்கு யாரும் போகவில்லை என்று அர்த்தம். ஓராண்டுப் படிப்பா இரண்டாண்டா என்பதில், கட்டணம் அனுமதித்தால் இரண்டாண்டுக்கே என் வாக்கு. ஓராண்டில் இன்டர்ன்ஷிப்புக்கும் ஆய்வேட்டுக்கும் நடுவில் மூச்சு விட நேரம் இருக்காது.

வேலை. இங்கேதான் கனவுக்கும் நிலைமைக்கும் தூரம் அதிகம். யுனெஸ்கோவில் சேர வேண்டும் என்று வருகிறவர்கள் ஒவ்வொரு வகுப்பிலும் பாதிப் பேர், அங்கே இருக்கும் நாற்காலிகளோ மிகச் சில. பட்டியலில் 1,200-க்கு மேல் இடங்கள் இருக்கின்றன, அவற்றை நிர்வகிப்பது அந்தந்த நாட்டு அரசுகளும் அறக்கட்டளைகளும்தான், பாரிஸ் அலுவலகம் இல்லை. பட்டியலுக்கு வெளியே இருப்பவை எண்ணில் அடங்காதவை. உண்மையான வேலைகள் அரசின் தொல்லியல், திட்டமிடல் துறைகளில், நகராட்சிகளில், அருங்காட்சியகங்களில், தொண்டு நிறுவனங்களில், எல்லாவற்றுக்கும் மேல் ஆலோசனை நிறுவனங்களில் இருக்கின்றன. அமெரிக்காவில் 1966-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 106-ஆம் பிரிவு, மத்திய அரசின் பணமோ அனுமதியோ உள்ள திட்டம் எதுவானாலும் வரலாற்றுச் சின்னங்களுக்கு என்ன பாதிப்பு என்று பார்க்கச் சொல்கிறது, அந்த ஒரு பிரிவே ஏராளமான பேருக்குச் சம்பளம் கொடுக்கிறது. மற்ற நாடுகளிலும் தாக்க மதிப்பீட்டை எந்தச் சட்டம் கட்டாயமாக்குகிறதோ அங்கேதான் வேலையும் பிறக்கும். நீங்கள் வேலை பார்க்க நினைக்கும் நாட்டின் சட்டத்தைப் படித்துவிட்டுப் படிப்பைத் தேர்ந்தெடுங்கள், மாற்றிச் செய்யாதீர்கள். ஒப்பந்த வேலைகள் அதிகம், திட்டம் முடிந்தால் அடுத்ததைத் தேட வேண்டும், ஆரம்பச் சம்பளம் பெருமைப்படும்படி இருக்காது. வரலாறு மட்டும் தெரிந்தவரைவிட, வரலாற்றோடு கைத்தொழில் போல ஒன்று தெரிந்தவரை முதலில் எடுப்பார்கள். ஜிஐஎஸ் (கணினி வரைபட மென்பொருள்), லேசர் ஸ்கேன், புகைப்பட அளவியல் (படங்களிலிருந்து அளவெடுப்பது), கணக்கு, சட்டம், ஒரு கூடுதல் மொழி, ஏதாவது ஒன்று. பாரிஸின் நோத்ரதாம் தேவாலயம் 2019-ல் எரிந்தபோது கலை வரலாற்றாசிரியர் ஆண்ட்ரூ டாலன் முன்பே எடுத்து வைத்திருந்த லேசர் அளவீடுகள் எல்லோருக்கும் நினைவுக்கு வந்தன. எரியும் முன் அதை யாரும் அவசர வேலையாக நினைத்திருக்க மாட்டார்கள்.

வேலைக்கு ஆள் எடுக்கும் கூட்டங்களில் நானும் உட்கார்ந்திருக்கிறேன். மதிப்பெண் பட்டியலை யாரும் இரண்டாம் முறை புரட்டுவதில்லை. "ஒரு திட்டம் எழுதியிருக்கிறீர்களா, காட்டுங்கள்" என்பார்கள். ஆகவே ஆய்வேட்டுக்கு ஒரு சின்னத்தைப் பிடித்து, அதன் ஒரு பிரச்சினையை மட்டும் எடுத்து, அங்கே உள்ளவர்களுக்குப் பயன்படும்படி எழுதுங்கள். காலநிலை மாற்றத்தில் இப்போது நிறைய வேலை இருக்கிறது. பெருவின் சான் சான் போன்ற மண் நகரம் பட்டியலில் ஏறிய 1986-லேயே ஆபத்துப் பட்டியலிலும் ஏறிவிட்டது, மழை கூடினால் அதன் சுவர்களுக்கு என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். கடலோரச் சின்னங்கள் சிலவற்றைக் காப்பாற்ற முடியாது, எதை விட்டுவிடுவது, விடும் முன் எதைப் பதிவு செய்வது என்று முடிவெடுக்கத் தெரிந்தவர்கள் தேவைப்படுவார்கள், அந்தப் பாடத்தை ஒழுங்காக நடத்தும் இடங்கள் இன்னும் குறைவு.

சேர்வதற்கு முன் ஒரு சோதனை செய்து பாருங்கள், காசு செலவில்லை. உலகப் பாரம்பரிய மையத்தின் இணையதளத்தில் பல சின்னங்களுக்கு அவற்றைப் பட்டியலில் சேர்க்கக் கொடுத்த கோப்பும், பாதுகாப்பு நிலைமை அறிக்கைகளும் கிடைக்கும். அவற்றில் நீங்கள் நேரில் பார்த்த ஒரு சின்னத்தைத் தேர்ந்தெடுத்து அந்த அறிக்கைகளை வருட வரிசையில் படியுங்கள். இந்த வருடம் கமிட்டி என்ன கேட்டது, நாடு என்ன பதில் சொன்னது, அடுத்த வருடம் அதே கேள்வி மறுபடி ஏன் வந்தது என்று பின்தொடரும்போது உங்களுக்கு ஆர்வம் கூடினால் விண்ணப்பியுங்கள். நாலு பக்கத்தில் கொட்டாவி வந்தால் தொல்லியலுக்குப் போங்கள், அதுவும் நல்ல படிப்புதான். விண்ணப்பக் கடிதத்தில் சின்ன வயதில் கோட்டையைப் பார்த்து வியந்த கதையை எழுதாதீர்கள், தேர்வுக் குழு அதை ஆயிரம் முறை படித்திருக்கும். அந்த அறிக்கைகளில் கண்ட ஒரே ஒரு பிரச்சினையை எடுத்து, நீங்கள் அங்கே மேலாளராக இருந்தால் முதல் ஆறு மாதத்தில் என்ன செய்வீர்கள், அதற்கு எது தெரியாமல் இருக்கிறது, அதைக் கற்கத்தான் வருகிறேன் என்று ஒரு பக்கத்தில் எழுதி அனுப்புங்கள்.